கார்கள் கைவிட்ட சக்கரம்: ஸ்னோப்ளோயர் ஏன் நகராமல் நிற்கிறது?

பனி விழாத ஊர்களிலிருந்து படிப்பவர்களுக்காக முதலில் மெஷினை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வாசலிலும் வண்டி நிறுத்தும் பாதையிலும் கிடக்கும் பனியை வாரி, வளைந்த குழாய் வழியாகத் தூர வீசுவது ஸ்னோப்ளோயர். வீட்டு உபயோகத்துக்கான பெரிய மாடல்களில் முன்னால் ஒரு திருகு, அதற்குப் பின்னால் ஒரு விசிறி இருக்கும். திருகு பனியை நொறுக்கி நடுவுக்குக் கொண்டுவரும், விசிறி அதை வெளியே எறியும். பின்னால் பெட்ரோல் இன்ஜின், இரண்டு டயர், இரண்டு கைப்பிடி. நாம் பின்னாடியே நடந்தால் போதும், தள்ள வேண்டாம். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள பல மாடல்கள் உண்டு. அத்தனையும் தானாகவே நகரும்.

நகர்கிற வரைக்கும்தான் அந்த சுகம். ஜனவரி மாதம், மைனஸ் 15 டிகிரி, முழங்கால் அளவு பனி. இன்ஜின் ஓடுது, திருகு சுத்துது, ஆனா வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிக்குது. அந்த நிமிஷம் அது மெஷின் இல்லை, 100 கிலோ இரும்பு. அதை மூச்சுப்பிடித்துத் தள்ளணும், இல்லைன்னா மண்வெட்டி எடுக்கணும். இரண்டுமே விளையாட்டு இல்லை. க்யூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. கடும் பனிப்பொழிவுக்கு அடுத்த நாள் ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் கூடுகிறது என்று அது காட்டியது. மண்வெட்டியால் பனி அள்ளுவது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆக, "ஏன் நகரலை?" என்பது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் தேடிப் போனதில் நான் போய்ச் சேர்ந்தது 1905-ம் வருஷத்து மிச்சிகனில். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் குறிப்புகள்.

அடித்தகட்டைத் திறந்தால்

பெரும்பாலான ஸ்னோப்ளோயர்களில் இன்ஜினுக்கும் டயருக்கும் நடுவே கார் மாதிரி கியர்பாக்ஸ் கிடையாது. அடித்தகட்டைக் கழற்றினால் தெரிவது ஒரு தட்டையான உலோக டிஸ்க். இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் வந்து அந்த டிஸ்க்கைச் சுற்றுகிறது. டிஸ்க்கின் முகத்துக்கு எதிரே, விளிம்பில் ரப்பர் கட்டிய சின்னச் சக்கரம் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. கைப்பிடியில் நெம்பை அழுத்தினால் கேபிள் இழுத்து, டிஸ்க்கும் ரப்பரும் ஒன்றோடொன்று அழுந்தும். டிஸ்க் சுற்ற, உராய்வால் ரப்பர் சக்கரமும் சுற்றும். அங்கிருந்து செயின், சின்னப் பல்சக்கரங்கள், அச்சு, கடைசியில் டயர்.

நமக்குத் தெரியாத சங்கதி இல்லை இது. சைக்கிள் டைனமோ டயரில் உரசிச் சுற்றும். தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற சின்ன ரப்பர் வளையமும் இதே வேலையைத்தான் செய்கிறது. மழையில் டைனமோ வழுக்கி விளக்கு மங்குவதைப் பார்த்தவர்களுக்கு ஸ்னோப்ளோயரின் பாதிக் கோளாறு இப்போதே புரிந்திருக்கும்.

ஆனால் டைனமோவில் இல்லாத ஒரு தந்திரம் இதில் உண்டு. ரப்பர் சக்கரம் தன் ஷாஃப்ட்டில் இப்படியும் அப்படியும் நகரும். கணக்குக்காக டிஸ்க் நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றுவதாகவும், ரப்பர் சக்கரத்தின் ஆரம் 6 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். டிஸ்க்கின் மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளித் தொட்டால் சக்கரமும் 1000 சுற்று சுற்றும். 3 செ.மீ. தள்ளித் தொட்டால் 500. மையத்துக்கே வந்தால் பூஜ்யம். மையத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் எதிர்த்திசையில் சுற்றும், அதாவது ரிவர்ஸ். ஒரு பல்சக்கரம்கூட மாற்றாமல் முன்னோக்கி ஆறு வேகம், பின்னோக்கி இரண்டு வேகம்.

1905-ல் இதுதான் எதிர்காலம்

இந்த ஏற்பாட்டை ஸ்னோப்ளோயர்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே அது கார்களில் இருந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் கியர் மாற்றுவது பெரிய வித்தை. பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரவென்று கத்தும், சில சமயம் உடையும். கியர் வேகங்களைத் தானே ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் காடிலாக்கில் வந்ததே 1928-ல்தான். அதற்கு முன் ஓட்டுநர் காதால் கேட்டு, காலால் கணக்குப் போட்டு கியரை விழவைக்க வேண்டும்.

மிச்சிகனின் ஜாக்ஸன் நகரைச் சேர்ந்த பைரன் கார்ட்டர் என்பவர், பல்லே இல்லாவிட்டால் பல் உடையாதே என்று யோசித்தார். 1905-ல் அவர் தொடங்கிய கார்ட்டர்கார், இன்ஜின் சுற்றும் உலோக டிஸ்க், அதன்மேல் அழுந்தும் நார்ப்பட்டைச் சக்கரம் என்ற ஏற்பாட்டில் ஓடியது. இண்டியானாவில் ஜான் லாம்பெர்ட்டும் உராய்வு டிரைவ் கார்களைச் செய்துவந்தார். மாசசூசெட்ஸில் சார்ல்ஸ் மெட்ஸின் சிறிய கார்களும் இதே வகை. 1913-ல் க்ளிடன் டூர் என்ற புகழ்பெற்ற நெடுந்தூர வாகனப் போட்டியில் வென்றது மெட்ஸ் அணிதான். ஆக, இதைப் பொம்மைத் தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஜெனரல் மோட்டார்ஸைக் கட்டி எழுப்பிய வில்லியம் ட்யூரன்ட் 1909-ல் கார்ட்டர்காரை வாங்கினார். வாங்கியது தவறு என்று பின்னாளில் பலர் சொன்னபோது, எது வெல்லும் என்று அப்போது யாருக்குத் தெரியும், உராய்வு டிரைவ் அவர்களிடம்தானே இருந்தது என்ற ரீதியில் அவர் பதில் சொன்னதாகப் பதிவு உண்டு. எனக்கு அது நியாயமான பதிலாகவே படுகிறது. 1909-ல் நின்று பார்த்தால் பற்கள் உடையாத, சத்தம் போடாத, கற்றுக்கொள்ள எளிதான இந்த டிரைவ் தோற்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் தோற்றது. கார்ட்டர்கார் 1915-ல் நின்றுபோனது. இன்ஜின்களின் சக்தி ஏறியது, கார்கள் கனமாயின, பல்சக்கரங்களுக்கான எஃகு நல்லதாகிக்கொண்டே வந்தது. உராய்வுச் சக்கரம் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது.

பழைய விதியும் அதை மீறிய காரணமும்

இங்கேதான் எனக்குச் சுவாரஸ்யமான ஒரு விஷயம் கிடைத்தது. இன்றைய ஸ்னோப்ளோயர் கோளாறுகளில் பாதியை அது விளக்கிவிடுகிறது.

19-ம் நூற்றாண்டு ஆலைகளிலேயே உராய்வுச் சக்கரங்கள் இருந்தன. பர்டூ பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. எஃப். எம். காஸ் என்ற பேராசிரியர் காகிதம், வைக்கோல் நார், தோல் போன்றவற்றால் செய்த சக்கரங்கள் உலோகத்தை எவ்வளவு பிடிக்கின்றன என்று சோதித்து அளந்தார். அந்தக் காலத்துப் பொறியியல் கையேடுகளில் ஒரு விதி இருக்கும்: இரண்டு சக்கரங்களில் மிருதுவானது ஓட்டுகிற சக்கரமாக இருக்கட்டும், கடினமானது ஓட்டப்படுகிற சக்கரமாக இருக்கட்டும்.

ஏன்? பாரம் அதிகமாகி ஓட்டப்படுகிற சக்கரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிற சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மிருதுவானது ஓட்டுகிற சக்கரமாக இருந்தால் அதன் சுற்றளவு முழுக்கச் சமமாகத் தேயும், பிரச்சினை இல்லை. மாறாக, நின்றுபோனது மிருதுவாக இருந்தால் அதன் ஒரே இடத்தில் கடினமான டிஸ்க் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் பறித்துவிடும். அப்புறம் அது வட்டமே இல்லை.

ஸ்னோப்ளோயரில் ஓட்டுவது உலோக டிஸ்க், ஓட்டப்படுவது ரப்பர். விதிக்கு நேர் எதிர்! கார்ட்டர்காரிலும் அப்படித்தான். இத்தனை பேருக்கும் விதி தெரியாதா என்ன?

காரணம் கணக்கில் இருக்கிறது. விதிப்படி ரப்பர் சக்கரம் டிஸ்க்கை ஓட்டினால், அது மையத்தை நெருங்க நெருங்க டிஸ்க்கின் வேகம் குறையாது, ஏறும். மையத்துக்குப் பக்கத்தில் வேகம் எல்லையில்லாமல் போகும். அப்படியானால் மெதுவாக ஊர்வதும் முடியாது, மையத்தைக் கடந்து அமைதியாக ரிவர்ஸுக்குப் போவதும் முடியாது. டிஸ்க் ஓட்டினால் மட்டுமே மையம் பூஜ்யமாகும். ஊர்ந்து போகும் வேகமும் ரிவர்ஸும் வேண்டும் என்பதற்காகத்தான் விதியை மீறியிருக்கிறார்கள். அதற்கு விலை ரப்பரில் விழும் பள்ளம்.

இந்த விலையைக் காரால் கொடுக்க முடியவில்லை. ஸ்னோப்ளோயரால் கொடுக்க முடிந்தது. ஏன் என்பதற்கு அந்த மெஷினின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பனி எறியும் மெஷின் வீட்டுக்கு வந்த கதை

பனியை வெட்டி எறியும் சுழல் மெஷின் முதலில் ரயிலுக்காக யோசிக்கப்பட்டது. டொரொண்டோவில் பல் மருத்துவராக இருந்த ஜே. டபிள்யூ. எலியட் 1869-ல் காப்புரிமை பெற்றார். அவர் மெஷினைக் கட்டவில்லை. ஒன்டாரியோவின் ஆரஞ்ச்வில் ஊர்க்காரரான ஆரஞ்ச் ஜல் அந்த யோசனையை வளர்த்தெடுத்தார், 1880-களில் கனடியன் பசிபிக் ரயில்வே சோதித்துப் பார்த்தது. சாலைக்கு அதைக் கொண்டுவந்தவர் க்யூபெக்கின் ஆர்தர் சிகார். பண்ணைக் குடும்பத்தில் பிறந்த இவருக்குக் கதிரடிக்கும் மெஷினைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள். 1925-ல் அவருடைய மோட்டார் வண்டி தயாரானது, 1927-ல் மொன்ட்ரியாலை ஒட்டிய ஊட்ரெமான் நகரம் ஒன்றை வாங்கியது.

பின்னால் நடந்துபோகும் வீட்டு மாடல்கள் 1950-களில் வந்தன. விஸ்கான்சின் மாநிலம் பிரில்லியன் ஊரில் 1933-ல் நிலம் உழும் மெஷின்களோடு தொடங்கிய ஏரியன்ஸ் கம்பெனி 1960-ல் தன் முதல் ஸ்னோப்ளோயரை விற்றது. அந்தக் கம்பெனி இன்றும் அதே ஊரில் இருக்கிறது. இப்படிப்பட்ட மெஷின்களில்தான் கார்கள் கைவிட்ட உராய்வு டிஸ்க்குக்கு இரண்டாம் வாழ்க்கை கிடைத்தது. ஸ்நாப்பர் போன்ற உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளிலும் அது புகுந்தது.

ஸ்னோப்ளோயரின் தேவையே வேறு. மனிதன் நடக்கும் வேகத்துக்கு மேல் அது போகாது. வருஷத்துக்குச் சில டஜன் மணி நேரம்தான் ஓடும். ஆனால் வேகத்தை அடிக்கடி மாற்றணும்: தூள் பனியில் வேகமாக, நகராட்சியின் பனி வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போகும் கெட்டிப் பனிமேட்டில் ஊர்ந்து. ரிவர்ஸ் நிச்சயம் வேணும். பனிக்குள் மறைந்திருக்கும் கல்லிலோ நடைபாதை விளிம்பிலோ முட்டினால் உராய்வுச் சக்கரம் வழுக்கிக்கொடுக்கும், பல் எதுவும் உடையாது. காருக்குக் குறையாக இருந்த வழுக்கல் இங்கே பாதுகாப்பு ஆனது. தேய்ந்த ரப்பரை மாற்றுவதும் பெரிய செலவில்லை.

சரி, நின்ற மெஷினை எப்படிப் பார்ப்பது?

ஸ்கார்பரோவில் வீட்டுக் கராஜிலேயே சின்ன இன்ஜின்கள் பழுதுபார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணாவிடம், "நீங்க எந்த வரிசையில பார்ப்பீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"தம்பி, மெஷினைப் பிரட்டிப் போட்டுத் தேடுறதுக்கு முன்னம் சில்லைப் பாரும். அச்சு சுத்துது, சில்லு சுத்துதில்லை எண்டால் பின் முறிஞ்சுபோச்சு. அதுக்கு ஏன் உள்ளுக்கை போறீர்?"

சில்லு என்றால் டயரோடு கூடிய சக்கரம். சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் பின் உடைந்தாலோ கழன்றாலோ அச்சு வெறுமனே சுற்றும். நிமிஷத்தில் முடிகிற வேலை. அவர் சொன்ன வரிசையோடு மேலே சொன்ன கணக்கையும் சேர்த்து என் குறிப்பேட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில், பின். அது சரியாக இருந்தால் அடுத்தது கேபிள். நெம்பை அழுத்தும்போது கேபிள் தளர்வாக இருந்தால் டிஸ்க்கும் ரப்பரும் போதுமான அளவு அழுந்தாது. நாளாக ஆக ரப்பர் தேய்ந்து இடைவெளி கூடும், அதனால் கேபிளைக் கொஞ்சம் இறுக்க வேண்டிவரும். ரொம்ப இறுக்கிவிடவும் கூடாது. நெம்பை விட்ட பிறகும் வண்டி நகரப் பார்த்தால் கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருக்கு, அல்லது உள்ளே ஈரம் உறைந்து சிக்கியிருக்கு, அல்லது திருப்பி இழுக்கும் ஸ்ப்ரிங் போயிடுச்சு என்று அர்த்தம். அந்த நிலையில் மெஷினை ஓட்டவே கூடாது. விட்டால் நிற்பதுதான் அதன் முக்கியமான பாதுகாப்பு.

அடுத்து, வழுக்குவது பெல்ட்டா ரப்பரா? திறக்காமலே ஓரளவு ஊகிக்கலாம். காரில் முதல் கியருக்கு இறக்கினால் இழுவை கூடும். இங்கே ரப்பர் சக்கரம் தாங்கும் அதிகபட்ச இழுவை அதன் அழுத்தத்தையும் பிடிப்பையும் பொறுத்தது. டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடுகிறது என்பதைப் பொறுத்தது இல்லை. ஆகவே ரப்பர் வழுக்கினால் எந்த வேகத்திலும் ஒரே மாதிரிதான் வழுக்கும். பெல்ட் கதை வேறு. மெதுவான வேகத்தில் ரப்பர் மையத்துக்குப் பக்கத்தில் தொடுவதால் பெல்ட்டின்மேல் விழும் பாரம் குறையும். குறைந்த வேகத்தில் இழுத்து, அதிக வேகத்தில் மட்டும் திணறினால் பெரும்பாலும் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான்.

இனி திறக்கலாம். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்த பிறகு, கையேட்டில் சொன்ன மாதிரி மெஷினைத் திருகு இருக்கும் முன்பக்கத்தின்மேல் சாய்த்து அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். இதில் எதையும் தவிர்க்க வேண்டாம்.

டிஸ்க்கின் முகம் பளபளவென்று எண்ணெய் படிந்திருந்தால் அதுவே குற்றவாளி. பிரேக் க்ளீனரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்தால் போதும். பழைய டேப் ரெக்கார்டரில் ரப்பர் உருளையை ஸ்பிரிட்டால் துடைத்த கைகளுக்கு இது பழக்கமான வேலை. பாகங்களுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று ஸ்ப்ரே அடிப்பவர்கள் டிஸ்க்கிலும் அடித்துவிடுவதுண்டு. சக்கரம் நகரும் ஷாஃப்ட்டுக்கு மசகு வேணும், டிஸ்க்குக்கும் ரப்பருக்கும் ஒரு துளிகூடக் கூடாது.

ஈரமும் அதே வேலையைச் செய்யும். ஓட்டி முடித்துச் சூடான கராஜில் நிறுத்தினால் ஒட்டிய பனி உருகி உள்ளே சொட்டும். மறுபடி குளிரில் போனதும் அது டிஸ்க்கில் உறையும். நேற்று நன்றாக ஓடிய மெஷின் இன்று காலையில் நகரவில்லை என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு ரப்பர். ஒரு இடத்தில் மட்டும் தட்டையாகப் பள்ளம் விழுந்திருந்தால், அது எங்கோ முட்டி நின்றபோதும் நெம்பு அழுத்தப்பட்டே இருந்ததற்கான தடயம். பழைய கையேட்டு விதி எச்சரித்த அதே பள்ளம்! அந்த இடம் டிஸ்க்குக்கு நேரே வந்து நிற்கும்போதெல்லாம் வண்டி தயங்கும். பள்ளம் இல்லாமல் சுற்றிலும் மெலிந்திருந்தால் அது சாதாரண வயசான தேய்மானம். எப்போதும் ஊர்ந்தே ஓட்டினால் அது சீக்கிரம் வரும்: ரப்பரின் உள் விளிம்பும் வெளி விளிம்பும் டிஸ்க்கில் வெவ்வேறு வேகத்தில் உரசுகின்றன, மெதுவாகப் போனால் அதே தூரத்துக்கு அந்த உரசல் அதிக நேரம் நடக்கிறது. ரப்பரைப் பிடித்திருக்கும் உலோகம் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு விடக்கூடாது. தொட்டால் டிஸ்க்கிலும் கீறல் விழும், செலவு இரட்டிப்பாகும்.

கடைசியாக, வேக நெம்பை மாற்றியும் வேகம் மாறவில்லை என்றால் ரப்பர் சக்கரம் தன் ஷாஃப்ட்டில் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், அல்லது இணைப்புக் கம்பி வளைந்திருக்கலாம். நெம்பை அழுத்தி வைத்துக்கொண்டே வேகம் மாற்றுவது இந்த இணைப்பையும் ரப்பரையும் சேர்த்து வதைக்கும். விட்டு, மாற்றி, மறுபடி அழுத்துங்கள்.

போச்சு என்பதற்கு முன்னால்

சில விலை உயர்ந்த மாடல்களில் இப்போது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாடிக் டிரைவ் இருக்கிறது. அதில் இந்த ரப்பர் சக்கரம் கிடையாது, மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. ஆனால் தெருவில் பார்க்கும் மெஷின்களில் பெரும்பாலானவை கார்ட்டர்காரின் பேரப்பிள்ளைகள்தான்.

அந்த அண்ணா இன்னொன்றும் சொன்னார். "சனம் ட்ரான்ஸ்மிஷன் போட்டுதெண்டு றோட்டிலை வைச்சிட்டுப் போகுதுகள் தம்பி. எடுத்துவந்து பார்த்தால் ஒரு ரப்பர் வளையம்."

ட்ரான்ஸ்மிஷன் என்ற வார்த்தை பயமுறுத்துகிறது. காரில் அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு என்று நமக்குத் தெரியும், அதே பயத்தோடு இதையும் பார்க்கிறோம். ஆனால் இந்த ட்ரான்ஸ்மிஷன், தேயவேண்டியது ஒரே ஒரு மலிவான பாகமாக இருக்கட்டும் என்ற ஏற்பாட்டில் ஓடுவது. அந்தப் பாகம் தேய்ந்தால் மெஷின் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அக்டோபர் முடிவதற்குள் ஒரு மதியம் ஒதுக்கி அடித்தகட்டைத் திறந்து பாருங்கள். ரப்பர் மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் கையில் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால், எங்கே முட்டியது, எப்படி ஓட்டினோம் என்ற முழு வரலாறும் அதன் விளிம்பில் எழுதியிருக்கும்.